வீடு என்று போடக் கட்டம் இல்லை

1

காலையில் குப்பை போடக் கீழே இறங்கினேன். பள்ளிப் பேருந்து எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மலையாள ஆயம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, "மோளுக்கு இப்பவும் சுகமில்லையா சேச்சி?" என்று கேட்டார்.

ஒரு வருடமாக இதே கேள்வி. என் மகள் கயல்விழியை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி இன்றோடு ஒரு வருடம் ஆகிறது.

"அவளுக்கு ஒரு கேடும் இல்ல. உங்க ஸ்கூலுக்குத்தான் சுகமில்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தொட்டிக்குள் வீசினேன். ஆயம்மா பாவம், அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் காலையில் யார் மேலாவது ஒரு தடவை எரிந்து விழுந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது ஓடுகிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துபாயில் இல்லை. ருவைஸில் இருக்கிறேன். அபுதாபியிலிருந்து சவூதி எல்லைப் பக்கமாகப் பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டே வந்தால், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளும், அவற்றில் வேலை செய்பவர்களுக்கான வீடுகளும் வரும். அதுதான் ருவைஸ். எத்தனை முறை சொன்னாலும் அறந்தாங்கியில் என் சொந்தக்காரர்களுக்கு நான் துபாய்க்காரிதான். துபாயில் இருக்கும் உயரமான கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். இங்கே உயரமாக இருப்பது ஆலையின் புகைபோக்கியும், அதன் உச்சியில் எரிகிற நெருப்பும்தான்.

கயலுக்குப் பதினான்கு வயது. பேச்சு திக்கும். எல்லாச் சொல்லும் திக்காது. க, ட, ப என்று ஆரம்பித்தால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும்; பதற்றமானால் எந்தச் சொல்லிலும். நாங்கள் வைத்த பெயரே கயல்விழி. பிறந்தபோது யாருக்குத் தெரியும்? புது ஆசிரியர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வார்கள். இவள் "க... க..." என்று நிற்பாள். வகுப்பு சிரிக்கும். ஆசிரியர் "ஓகே, ஓகே, சிட்" என்று அடுத்த பெண்ணுக்குப் போய்விடுவார். ஒரு பெயரைச் சொல்லி முடிக்கும்வரை பொறுக்க முடியாத ஆசிரியர்!

ஒன்பதாம் வகுப்பு முடியும் நேரத்தில் துணை முதல்வர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பத்தாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கும் மதிப்பெண் உண்டாம். இவளுக்குப் பக்கத்திலேயே உட்கார ஒரு தனி ஆசிரியையை நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் "குழந்தையின் நன்மைக்காக" வேறு இடம் பார்ப்பது நல்லதாம். கயல் பக்கத்திலேயே இருந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவ ஸ்கூலுக்கு வரமாட்டா, அவ்வளவுதானே? சந்தோஷமா இருங்க" என்று அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அறந்தாங்கியில் நான் ஆறு முதல் பத்து வரை கணக்கு சொல்லிக்கொடுத்தவள். பி.எட். முடித்தவள். என் பிள்ளைக்கு நான் சொல்லித்தர மாட்டேனா?

2

சொல்லித் தருவது சுலபமாகத்தான் இருந்தது. அது சட்டப்படி சரியா, தவறா என்று தெரிந்துகொள்வதில்தான் உயிர் போனது.

இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது. அது இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்றார் என் வீட்டுக்காரரின் கம்பெனியில் அரசாங்க வேலைகளைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ. "யூ எக்ஸ்பேட். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று கையை ஆட்டினார். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்ணோ, எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் என்று கண்ணை உருட்டினாள். இரண்டு பேரிடமும், "எதுல எழுதியிருக்கு, காட்டுங்க" என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

பிறகு துபாயில் வீட்டுக்கல்வித் தாய்மார்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதில் ஒரு அம்மாள் காலையில் எழுந்ததும் தத்துவம் போடுவார். குழந்தையை இயற்கையிடம் விட்டுவிடுங்கள், இயற்கை கற்றுக்கொடுக்கும் என்று. ஆகஸ்ட் மாதம் ருவைஸில் என் பிள்ளையை இயற்கையிடம் விட்டால் பத்து நிமிஷத்தில் மயங்கி விழுவாள். சட்டம் பற்றிக் கேட்டேன். "நமக்கு ரூல் எதுவும் இல்ல டியர், ரிலாக்ஸ்" என்று பூப் படத்துடன் பதில் வந்தது. "அப்போ அதை யார்கிட்ட எழுதி வாங்குறது டியர்?" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஒரு வருடத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான். எங்களை மாதிரி வந்து பிழைப்பவர்கள் வீட்டில் பிள்ளையைப் படிக்க வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வைக்கலாம் என்று எழுதித் தரவும் யாரும் இல்லை. தடை இருந்தால்கூட அதனுடன் மல்லுக்கட்டலாம். இது காற்றோடு சண்டை.

ஆனால் மூன்று விஷயங்கள் வேண்டும் என்பது மட்டும் மெல்ல மெல்லத் தெரிந்தது. பழைய பள்ளியிலிருந்து முறையாக விடுவித்த மாற்றுச் சான்றிதழ், அதில் இங்கத்திய கல்வி அலுவலகத்தின் முத்திரை, பின்னாளில் நம் நாட்டுத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப் பதிவு. கடைசியாகச் சொன்னதற்கு வளைகுடாவிலேயே தேர்வு மையம் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. எனக்கு வேண்டியது அந்தச் சான்றிதழ்தான்.

3

எங்கள் ஊரில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பிள்ளை நின்றுபோனால் தலைமை ஆசிரியர் சான்றிதழில் ஒரு வரி எழுதுவார். விலகும் காரணம்: பெற்றோர் விருப்பம். அவ்வளவுதான். கல்யாணம், சண்டை, அப்பன் குடி, ஊர் மாற்றம் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பள்ளியின் விலகல் படிவம் கணினியில் இருந்தது. அரபியும் ஆங்கிலமும். இதற்கெல்லாம் இங்கே டைப்பிங் சென்டர் என்று கடைகள் உண்டு. அரசாங்கத்துக்கு எது அனுப்ப வேண்டுமென்றாலும் அங்கே போய் உட்கார்ந்தால் அரபியில் தட்டித் தருவார்கள். எங்கள் கடைக்காரர் ஹம்ஸா இக்கா. மலப்புறத்துக்காரர். வந்தவர்களுக்கெல்லாம் பால் இல்லாத சுலைமானி டீ கொடுத்துத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"எங்கே போகுன்னு, சேச்சி? இவிடே வேற ஸ்கூலா, நாட்டுக்கா?"

"ரெண்டும் இல்ல இக்கா. வீட்ல இருக்கப் போறா."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டே கட்டம். வேறு பள்ளி. வேறு நாடு. "வீடுன்னு போடக் கட்டம் இல்லா சேச்சி. ஒண்ணைத் தொடாதெ அடுத்த பக்கம் வராது."

"அப்போ என்ன செய்றது?"

"எல்லாரும் நாடுன்னுதான் போடும். ஒரு ப்ராப்ளமும் இல்லா. யாரு வந்து நோக்கப் போகுன்னு?"

வளைகுடாவில் இந்த 'எல்லாரும்' என்கிற ஆள்தான் பெரிய வக்கீல். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் இங்கே மேற்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. விசாவுக்கும் அப்படித்தான், வீட்டு வாடகைக்கும் அப்படித்தான். டூட்டி முடிந்து நேரே கடைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் அந்தக் களைப்பில், "போடு சுமதி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். "நா... நா..." என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் எங்கள் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். "நாட்டுக்குத்தான், ஆமா, போடுங்க" என்று நான் முடித்துவைத்தேன். ஹம்ஸா இக்கா தட்டினார். முத்திரையும் வந்தது. அன்றிலிருந்து அரசாங்கக் கணக்கில் என் மகள் இந்தியாவுக்குப் போய்விட்டாள்.

4

போனவள் சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். அப்பாவுக்கு இரவு டூட்டி என்றால் பகலில் அவர் தூங்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடம் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் நடக்கும். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு கணக்கு. முக்கோணவியல் பாடத்துக்கு ஜன்னல் வழியாகத் தெரியும் ஆலைப் புகைபோக்கியின் உயரத்தைக் கண்டுபிடித்தோம். கோணம் அளந்து, தூரம் போட்டு, கயலே விடை சொன்னாள். சரியா என்று அப்பாவிடம் கேட்டாள். "கம்பெனி விஷயம்மா, வெளிய சொல்லக் கூடாது" என்றார் அந்த மனுஷன். பெற்ற பிள்ளையிடம்!

தமிழும் சொல்லித் தந்தேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் என்பது அம்மா திட்டும் மொழி. அவளுக்கு ஓட்டம் ஆங்கிலத்தில்தான். எழுத்துக்கூட்டி இப்போது ஒரு பக்கம் படிக்கிறாள். வாய்விட்டுப் படிக்கும்போது சிக்கினால் நான் எடுத்துக்கொடுப்பேன். கஷ்டப்பட விடுவேனா? பள்ளியில் பட்டது போதும்.

ஊரிலிருந்து ஃபோன் வந்தாலும் அப்படித்தான். "கயலு, எப்படிம்மா படிக்கிற?" என்று கேட்பார்கள். அவள் வாய் திறப்பதற்குள், "நல்லா படிக்கிறா, நீங்க உங்க பிள்ளையைப் பாருங்க" என்று நானே சொல்லி முடித்துவிடுவேன்.

5

போன மாதம் பரீட்சைக்குப் பதிவு செய்யப் போனோம். தேர்வு மையத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், "பிள்ளை இந்தியா போயிட்டா, அப்போ இந்த ஒரு வருஷம் அங்க எந்த ஸ்கூல்?" என்றார்.

"எங்கயும் போகல சார். இங்கதான் இருக்கா. உங்க முன்னாலதான் நிக்கிறா."

"பேப்பர் போயிட்டான்னு சொல்லுதே மேடம். ஒண்ணு, இந்தியால படிச்சதுக்கு சர்டிஃபிகேட் கொண்டு வாங்க. இல்ல, இங்கதான் இருந்தான்னு எஜுகேஷன் ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள."

வாசலுக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரர் முடிவு எடுத்துவிட்டார். பதிவு நடக்காவிட்டால் நானும் கயலும் அறந்தாங்கிக்குப் போக வேண்டும். அவள் அங்கே ஒரு பள்ளியில் சேர வேண்டும். அவர் இங்கே தனியாகப் பேச்சிலர் ரூமில் இருப்பார். "வேற என்ன வழி, நீயே சொல்லு" என்றார். மறுபடியும் ஒரு வகுப்பில், புதுப் பிள்ளைகள் முன்னால், அவள் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும். கயல் அன்று இரவு சாப்பிடவில்லை.

என் கொழுந்தனார் குமார் இருக்கிறாரே, ஊரில் அவருக்கு முடியாத காரியம் கிடையாது. ஃபோனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதுக்குப் போயா அண்ணி மண்டையை உடைச்சுக்கிறீங்க? நம்ம ஊர் ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் கிட்டச் சொல்லிடறேன். புள்ள இங்க படிச்சான்னு ஒரு சர்டிஃபிகேட்தானே."

"அது பொய்தானே தம்பி."

"அங்க நீங்க நாட்டுக்குப் போறான்னு எழுதினது மட்டும் நெசமா அண்ணி?"

ஃபோனை வைத்தேன். இந்த ஊரில் எதுவும் நடக்காது, எங்கள் ஊரில் எதுவும் நடக்கும். எதை அதிகமாக வெறுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து, வருகைப் பதிவு எல்லாம் சுத்தம். தாளாளர் தாராள மனசுக்காரர். கேட்காததையும் சேர்த்திருந்தார். கயல் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றாள்.

பள்ளி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு.

அவள் சிரித்தாள். எவ்வளவு நேரம் சிரித்தாள் தெரியுமா? பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குமாரை, தாளாளரை, ஹம்ஸா இக்காவை, துணை முதல்வரை, இயற்கை அம்மாளை, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஃபைலுக்குள் வைத்தேன்.

6

கல்வி அலுவலகத்துக்கு விடியற்காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பிரமாதமாக இரண்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. திட்டம் இதுதான்: முதலில் நிஜத்தைச் சொல்லி எழுதிக் கேட்பது. முடியாது என்றால் குமாரின் சான்றிதழை எடுத்து நீட்டி முத்திரை வாங்குவது.

எங்கள் எண் வந்தது. கவுன்டரில் கறுப்பு அபாயா போட்ட இளம் பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள், "மாணவி பெயர்?"

"கயல்விழி" என்றேன்.

"இந்தியாவுக்குப் போனவள். எப்போது திரும்பி வந்தாள்?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஃபைலைத் திறந்து குமாரின் சான்றிதழை மேலே இழுத்தார். ஒத்திகை, திட்டம் எல்லாம் அதோடு போயிற்று. அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகக் கயலைப் பார்த்தாள்.

"நீ இந்தியாவில் படித்தாயா?"

"அவளுக்குப் பேச..." என்று ஆரம்பித்தேன்.

"மேடம், நான் அவளைக் கேட்டேன்."

என்ன திமிர்! என் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் கயல் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஐ... ஐ..." கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் வரிசையில் யாரோ "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி முணுமுணுத்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். கவுன்டர் பெண் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு கயலின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எடுத்துக்கொடுக்கவில்லை. தலையாட்டி ஊக்கம் கொடுக்கிற நாடகமும் இல்லை. சும்மா இருந்தாள்.

"ஐ வாஸ் ஹியர்" என்றாள் கயல். "நான் எங்கேயும் போகவில்லை. வீட்டில் அம்மாவிடம் படித்தேன். அந்த ப... ப... படிவத்தில் வீடு என்று இல்லை. அதனால் இந்தியா என்று போட்டார்கள். இந்த சர்டிஃபிகேட் பொய். நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கவில்லை." ஆங்கிலத்தில் சொன்ன இத்தனையும் வெளியே வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் சொல்லப் போவதில்லை. நேரம் பிடித்தது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போலிச் சான்றிதழுக்கு இந்த நாட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேலை, விசா, எல்லாம் அந்த மேசையின் மேல் கிடந்தது.

அந்தப் பெண் தாளைக் கையில் எடுத்தாள். தமிழ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாக மடித்து என் பக்கம் தள்ளினாள். "இதை நீங்கள் என்னிடம் கொடுக்கவில்லை" என்றாள். பிறகு கணினியில் எதையோ தேடினாள். அடையாள அட்டையை வாங்கினாள். கோடை லீவில் ஊருக்குப் போய்வந்ததைத் தவிர கயல் இந்த நாட்டை விட்டு வெளியே போகவில்லை என்பது அட்டை எண்ணைத் தட்டியதும் கணினியிலேயே வந்தது. இத்தனை நாளாக நாங்கள் ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்தியது அங்கே இரண்டு வரியில் கிடந்திருக்கிறது.

"உன் பெயரை நீ சொல். நான் சரியாக எழுத வேண்டும்."

"க... க... க..."

எனக்கு நாக்கு நுனியில் இருந்தது அந்தப் பெயர். நான் வைத்த பெயர்.

"கயல்விழி" என்று அவளே சொல்லி முடித்தாள்.

"கலாஸ், முடிந்தது" என்றாள் அந்தப் பெண். ஒரு தாள் அச்சாகி வந்தது.

7

அந்த அரபித் தாளை ஹம்ஸா இக்காவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். 'மாணவி நாட்டில் இருக்கிறார். எந்தப் பள்ளியிலும் பதிவில் இல்லை.' அவ்வளவுதான் இருந்தது. வீட்டில் படிக்கலாம் என்று அதிலும் ஒரு வார்த்தை இல்லை. கடைசிவரை எழுதித் தரவில்லையே, பார்த்தீர்களா? ஆனால் தேர்வு மையத்துக்கு அது போதுமாக இருந்தது. கயலின் பெயர் பதிவாகிவிட்டது. குமாரின் சான்றிதழை நானே கிழித்து இன்று காலை குப்பைப் பையில் போட்டேன். ஆயம்மா எதிரில் வீசியது அந்தப் பைதான்.

இந்த இடத்தில் முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் அன்று கல்வி அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்போது காரில் நடந்ததை எழுதாவிட்டால் கயல் இதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை விட மாட்டாள்.

நான் பொரிந்துகொண்டே வந்தேன். "என்ன திமிர் அவளுக்கு! மேடம், நான் அவளைக் கேட்டேனாம். பெத்தவ பேசக் கூடாதா? என்னமோ பெரிய..."

"அம்மா" என்றாள் பின்சீட்டிலிருந்து. "அந்த ஆன்ட்டி எனக்காக வெயிட் ப... பண்ணாங்க."

"வெயிட் பண்ணா என்ன, அவ வேலை அது."

"ஸ்கூல்ல யாரும் வெயிட் பண்ண மாட்டாங்க. நீயும் பண்ண மாட்ட."

என் வீட்டுக்காரர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. யாருக்காக ஒரு வருடம் ஊரையே பகைத்துக்கொண்டேன்? யாருக்காக அடுப்படியில் நின்றேன்? பின்னாலிருந்து அவள் மறுபடியும், "அம்மா, அ... அ... அடுத்து..." என்று ஆரம்பித்தாள். அடுத்து பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்கிறாளா, அடுத்து என்ன பாடம் என்று கேட்கிறாளா, எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.